மூடியைத் திறக்கப்போகிறவர்

போன வருஷம் மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நண்பர் போன் செய்தார். "கொஞ்சம் வீடு வரைக்கும் வர்றீங்களா? நீங்க பண்ணிக் குடுத்த பெட்டியில பாப்பாவுக்கு ஷாக் அடிச்சிருச்சு" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

டெட்ராய்ட் புறநகரில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருபது நிமிட கார் தூரம். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் சோபாவில் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது. பள்ளி ஜாஸ் குழுவில் கிதார் வாசிக்கிறவள். ஆள்காட்டி விரல் நுனியில் கடுகு அளவுக்கு ஒரு வெள்ளைத் தீய்வு. அவசர சிகிச்சை மையத்துக்குப் போய் ஈசிஜி எடுத்துவிட்டு வந்திருந்தார்கள். ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். பெட்டி சாப்பாட்டு மேசையில் அடிப்பக்கம் திறந்து கிடந்தது. நான்கு திருகுகளையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் பத்திரமாகப் போட்டு வைத்திருந்தாள்.

நான் கேட்ட முதல் கேள்வி, "பிளக்கை எடுக்கலையாம்மா?"

"எடுத்துட்டுத்தான் மாமா தொறந்தேன். சுவிட்சும் ஆஃப்தான். எடுத்துட்டு சாப்பிடப் போயிட்டேன், அரை மணி நேரம் கழிச்சு வந்துதான் தொறந்தேன்."

அதற்கு நான் சொன்னது: "வால்வ் பெட்டியில கெப்பாசிட்டர்ல கரன்ட் நிக்கும்மா. தெரியாம அதையெல்லாம் தொறக்கக் கூடாது."

அவள் தலையாட்டினாள். அவளுடைய அப்பாவும் தலையாட்டினார். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த வாக்கியம் தொண்டையில் முள்ளாக நின்றது. இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தைப் பற்றியது.

*

முதலில் பெட்டி என்ன என்று சொல்லிவிடுகிறேன். கிதார்க்காரர்கள் பயன்படுத்தும் வால்வ் ப்ரீஆம்ப் அது. கிதாரின் பிக்கப்பிலிருந்து வரும் சிறு மின்னலையை வாங்கி, பெரிதாக்கி, கொஞ்சம் நிறமும் சேர்த்து அடுத்த கருவிக்கு அனுப்பும். உள்ளே இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வுகள். ஐரோப்பாவில் இதையே ஈசிசி83 என்பார்கள். ஒரே கண்ணாடிக் குடுவைக்குள் இரண்டு டிரையோடுகள். நான் எடுத்துக்கொண்ட சுற்று, 1950களின் கடைசியில் வந்த ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பின் முன்பகுதியைத் தழுவியது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் பிரதி எடுத்த சுற்று. ஜிம் மார்ஷல் 1960களின் தொடக்கத்தில் லண்டனில் தன் முதல் ஆம்பைச் செய்தபோது அவருடைய ஆட்கள் பார்த்துச் செய்ததும் இதைத்தான்.

ஆகவே சுற்றை நான் வடிவமைக்கவில்லை. நான் வடிவமைத்தது அதன் லேஅவுட்டை, அதாவது எந்தப் பாகம் எங்கே உட்கார வேண்டும், எந்தக் கம்பி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது குமாஸ்தா வேலையாகத் தெரியும். மூளை வேலையெல்லாம் சுற்றில் முடிந்துவிட்டது, மீதி வெறும் கம்பி கட்டுவது என்று நானும் தொடக்கத்தில் நினைத்திருந்தேன்.

சுற்று வரைபடம் உறவுகளை மட்டும் சொல்லும். இது அதோடு சேர்கிறது, அது தரையோடு சேர்கிறது, அவ்வளவுதான். அதில் கோட்டுக்கு நீளம் கிடையாது. பக்கத்துக் கோட்டுக்கு என்ன நடந்தாலும் இந்தக் கோட்டுக்குக் கவலையில்லை. தரை என்ற குறி பத்து இடத்தில் இருந்தாலும் பத்தும் ஒரே இடம். போர்டில் இதில் எதுவுமே உண்மையில்லை. ஒவ்வொரு கம்பிக்கும் நீளம் உண்டு, தடை உண்டு, அக்கம்பக்கம் உண்டு. ஒரு 12ஏஎக்ஸ்7 கட்டம், வழக்கமான 100 கே பிளேட் ரெசிஸ்டரும் 1.5 கே கேத்தோடு ரெசிஸ்டரும் போட்டால், வருவதைச் சுமார் அறுபது மடங்காக்கும். இரண்டு கட்டம் என்றால் கணக்குப்படி 3600 மடங்கு. முதல் கிரிடுக்குப் போகும் கம்பி பக்கத்தில் ஓடும் ஹீட்டர் கம்பியிடமிருந்து ஒரு மில்லிவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டால் போதும், மறுமுனையில் அது மூன்றில் ஒரு வோல்ட்டாக வந்து உறுமும். நடுவில் வால்யூம், டோன் கட்டுப்பாடுகள் தின்பது போக மீதியே கச்சேரியைக் கெடுக்கும்.

தரையும் அப்படித்தான். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் மின்சாரத்தை டயோடுகள் நேராக்கி முதல் கெப்பாசிட்டரை நிரப்பும்போது, அது சீரான ஓட்டமாகப் போவதில்லை. குடம் குடமாகக் கொட்டுவதுபோலத் துடிப்புகளாகப் போகிறது. அந்தத் துடிப்புகள் திரும்பி வரும் தரைக் கம்பியிலேயே கிதார் நுழையும் ஜாக்கின் தரையையும் கட்டினால், அந்தத் துடிப்பு இசையோடு சேர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு கட்டத்தின் தரையையும் அந்தந்தக் கட்டத்துக்கான கெப்பாசிட்டரின் காலில் சேர்த்து, அங்கிருந்து ஒரே ஒரு இடத்தில் சாசியோடு இணைக்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். உறுமல் 60-இல் கேட்டால் ஹீட்டரையோ டிரான்ஸ்ஃபார்மரையோ சந்தேகப்பட வேண்டும். 120-இல் கேட்டால் நேராக்கிய மின்சாரத்தின் அலை எங்கோ உள்ளே வருகிறது. பழகிய காதுக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள்.

என் முதல் போர்டு 120-இல் உறுமியது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு தரைக் கம்பிகளை மாற்றிக் கட்டினேன். ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு பேஸ்மென்டில் சுவிட்சைப் போட்டேன். சத்தமே இல்லை. பெட்டி செத்துவிட்டதோ என்று பயந்து கிதாரைத் தட்டினேன், மணி அடித்ததுபோல ஸ்வரம் எழுந்தது. அந்த அமைதியைக் கேட்ட சந்தோஷத்தை என் வேலையில் எந்த வருட இறுதி மதிப்பீடும் தந்ததில்லை. அந்தக் குளிர்காலத்தில் அதே லேஅவுட்டில் மொத்தம் மூன்று பெட்டிகள் செய்தேன். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு, ஒன்று அலுவலகத்தில் கூட வேலை பார்த்த ஒருவருக்கு.

அமைதியாக இருக்கிறது, ஆகவே சரியாக இருக்கிறது. அன்றைக்கு என் நியாயம் இதுதான். லேஅவுட்டுக்குக் காது ஒன்றுதான் நீதிபதி என்று நினைத்திருந்தேன்.

*

மறுநாள் பெட்டியை என் மேசைக்குக் கொண்டுவந்து பார்த்தேன். நடந்தது இதுதான்.

வால்வுக்குள் ஒரு ஹீட்டர் இழை உண்டு. 6.3 வோல்ட்டில் எரிந்து கேத்தோடைச் சூடாக்கும். சூடானால்தான் வால்வுக்குள் மின்னோட்டம். ஹீட்டருக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் நெருக்கமாக முறுக்கி, சாசியின் ஓரமாக ஒட்டிக் கொண்டுபோக வேண்டும், அப்போதுதான் ஒன்றின் உறுமலை மற்றது அழிக்கும். நான் முறுக்கியிருந்தேன். படங்களில் பார்த்ததுபோல விறைப்பாக, நூல் பிடித்த மாதிரி இழுத்துக் கட்டியிருந்தேன். பார்க்க அத்தனை அழகு. ஆனால் தளர்வே விடவில்லை. வாராவாரம் காரில் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்த பெட்டி அது. குலுங்கிக் குலுங்கி முதல் வால்வின் சாக்கெட்டில் சால்டர் விட்டிருந்தது. அடுத்த வால்வுக்கும் மின்சாரம் அங்கிருந்துதான் போகிறது என்பதால் இரண்டு ஹீட்டர்களும் அணைந்துவிட்டன. சத்தம் நின்றது. அதனால்தான் அவள் திறந்தாள்.

இப்போது கெப்பாசிட்டர்கள். நான்கு, ஒவ்வொன்றும் 22 மைக்ரோஃபாரட். வழக்கமாக 300 வோல்ட் சொச்சத்தில் இருக்கும். பெட்டியை அணைத்த பிறகு அவற்றில் தேங்கியதை வடிக்க, குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போடுவது வழக்கம். பிளீடர் என்பார்கள். நான் பின்பற்றிய வரைபடத்தில் அது இல்லை. நானும் யோசிக்காமல் விடவில்லை, மீட்டர் வைத்துப் பார்த்தேன். அணைத்ததும் சில வினாடிகளில் வோல்ட்டேஜ் தானாகச் சரிந்தது. காரணம் எளிது, சூடாக இருக்கும் வால்வுகள் ஆறும்வரை மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். வால்வே வடிகால். பிறகு எதற்கு இன்னொன்று என்று விட்டுவிட்டேன்.

ஹீட்டர் அணைந்த பெட்டியில் வால்வு குளிர்ந்து கிடக்கிறது. குளிர்ந்த வால்வு எதையும் இழுக்காது. டோன், வால்யூம் பக்கம் போகும் வழிகளையெல்லாம் வேறு கெப்பாசிட்டர்கள் அடைத்து நிற்கின்றன. வடிய வழியே இல்லை. இழுப்பவர் இல்லாததால் வோல்ட்டேஜ் வழக்கத்தைவிட ஏறி 340-ஐத் தொட்டிருக்கும். நான்கும் நிறைந்தால் சுமார் ஐந்து ஜூல், அரைக்கிலோ கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றல். அவள் அரை மணி நேரம் இல்லை, ஒரு சினிமா பார்த்துவிட்டு வந்திருந்தாலும் அதில் பெரும்பகுதி அங்கேயே காத்திருக்கும். இடது கையால் சாசியைப் பிடித்துக்கொண்டு வலது விரலால் எந்தக் கம்பி ஆடுகிறது என்று தொட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு கையிலிருந்து மறு கைக்கு, நெஞ்சு வழியாக.

ரேடியோ வேலை பழகியவர்களுக்கு ஒரு பாடம் உண்டு: உயர் வோல்ட்டேஜ் பக்கம் போகும்போது ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள். நான் அவளுக்கு சால்டரிங் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒரு சனிக்கிழமை முழுக்க. கிதார் ஜாக்கை அவளாகவே மாற்றினாள். "எதையும் தொறந்து பாக்கலாம், பயப்படாதே" என்று நான்தான் சொன்னேன். பாக்கெட்டில் கை வைக்கும் பாடத்தைச் சொல்லவில்லை.

மேசையில் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது புரிந்தது இவ்வளவுதான். நான் நம்பிய பாதுகாப்பு, பெட்டி வேலை செய்யும்போது மட்டும் இருக்கும் பாதுகாப்பு. வேலை செய்யும் பெட்டியை யாரும் திறப்பதில்லை. பழுதானால்தான் திறப்பார்கள். நான் மீட்டர் வைத்து அளந்ததோ நல்ல பெட்டியை.

*

கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். இதற்கு அடிக்கடி சொல்லப்படும் கதை ஸ்டீவ் ஜாப்ஸின் அப்பாவைப் பற்றியது. வால்டர் ஐசக்ஸன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. அலமாரியின் பின்பக்கம், வேலியின் மறுபக்கம், யாரும் பார்க்காவிட்டாலும் நன்றாகச் செய்ய வேண்டும் என்று அவர் மகனுக்குக் கற்றுக்கொடுத்தார். மகனும் அதைப் பிடித்துக்கொண்டு, மெக்கின்டாஷின் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு பார்க்க அழகாக இல்லை என்று பொறியாளர்களோடு சண்டை போட்டார். 1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷின் பிளாஸ்டிக் உறைக்குள், அதைச் செய்த குழுவினரின் கையெழுத்துகள் அச்சில் வார்க்கப்பட்டிருந்தன.

நானும் இந்தக் கதையை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதே மெக்கின்டாஷைத் திறக்க சாதாரண ஸ்குரூ டிரைவர் போதாது. அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இல்லாத, நட்சத்திர முனை கொண்ட நீளமான டிரைவர் வேண்டும். வாங்கியவர் திறக்கக் கூடாது என்பது வடிவமைப்பின் பகுதி. உள்ளே படக்குழாயின் உயர் வோல்ட்டேஜ் இருந்தது, அதனால் மூடியதில் நியாயமும் உண்டு. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். உள்ளே அழகு, உள்ளே கையெழுத்து, ஆனால் உள்ளே வருகிற மனிதர் ஒருவர் அந்தக் கற்பனையில் இல்லை. அந்த நேர்த்தி யாருக்காக? செய்தவருடைய சுயமரியாதைக்காக. அது சின்ன விஷயமில்லை, பல மோசமான வேலைகளிலிருந்து அது நம்மைக் காப்பாற்றுகிறது. என் விறைப்பான ஹீட்டர் கம்பியும் அந்த வகை நேர்த்திதான். நான் அதை எனக்காகக் கட்டினேன்.

ஆம்ப் உலகத்திலேயே இதற்கு வேறு வேறு விடைகள் உண்டு. லியோ ஃபெண்டர் கிதாரும் ஆம்பும் செய்யத் தொடங்கும் முன்னால் ரேடியோ ரிப்பேர்காரர். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் 1938-இல் ரேடியோ கடை திறந்தவர். அந்தக் கடைக்காரரின் புத்தி அவருடைய ஆம்புகளில் தெரியும். தட்டையான ஒரு போர்டு, இரண்டு வரிசை ஐலெட்டுகள், நடுவே ஏணிப்படிபோல ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும். பார்த்தால் எது எங்கே போகிறது என்று தெரியும். எதை வேண்டுமானாலும் கழற்றி வேறு போடலாம். சுற்று வரைபடத்தோடு லேஅவுட் படத்தையும் கம்பெனி தனியாக வரைந்து கொடுத்தது, பெட்டிக்குள் எந்த வால்வ் எங்கே என்று காகிதம் ஒட்டியது. பழைய ஃபெண்டர் சாசிகளைத் திறந்தால் ஒட்டுநாடாத் துண்டில் பேனாவால் ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். அந்த போர்டைக் கையால் கம்பி கட்டிய தொழிலாளியின் பெயர். அந்தப் பெயர், திறந்தாலே கண்ணில் படும் இடத்தில் இருக்கும்.

இங்கிலாந்தில் ஹைவாட் ஆம்புகளுக்காக ஹாரி ஜாய்ஸ் செய்த வயரிங் இன்னொரு உச்சம். ராணுவத் தரத்துக்கு வேலை செய்து பழகியவர். கம்பிகள் எல்லாம் செங்கோணத்தில் திரும்பி, கட்டாகச் சேர்ந்து போகும். அழகுக்கு அழகு, அதே சமயம் ஒவ்வொரு கம்பியையும் விரலால் பின்தொடரலாம்.

மறுபக்கம் டம்பிள். ஹோவர்ட் அலெக்ஸாண்டர் டம்பிள் கையால் செய்த ஆம்புகள் இன்று ஒரு வீட்டின் விலைக்குப் போகின்றன. அவர் பல ஆம்புகளில் சுற்றின் முக்கியமான பகுதிமீது எபாக்சிக் குழம்பைக் கொட்டி மூடினார், யாரும் பார்த்துப் பிரதி எடுத்துவிடக் கூடாதென்று. தனி ஆளாக உழைத்து வாழ்ந்த ஒரு கலைஞரின் பிழைப்பு அது, திருடர்களும் உண்மையிலேயே இருந்தார்கள். நான் அவரைக் குறை சொல்லும் இடத்தில் இல்லை. ஆனால் திறப்பவர் என்று ஒருவர் வந்தால் அவர் திருடராகத்தான் இருப்பார் என்று அந்தக் குழம்பு முடிவு செய்துவிடுகிறது. ரிப்பேர் செய்ய வருபவரும் அதே குழம்பில்தான் முட்டி நிற்க வேண்டும்.

ஃபெண்டருக்குத் திறப்பவர் சக தொழிலாளி, டம்பிளுக்குத் திருடர். எனக்கு? திறப்பவர் என்று ஒருவர் இருப்பதே தோன்றவில்லை. மூன்றிலும் இதுதான் மோசம்.

*

அரிஸ்டாட்டில் தன் அறநூலின் ஆறாம் பகுதியில் ஒரு வேறுபாட்டைச் சொல்கிறார். ஒரு பொருளைச் செய்வது வேறு, ஒரு செயலைச் செய்வது வேறு. பொருளைச் செய்யும்போது நோக்கம் அந்தப் பொருளில் இருக்கிறது, பொருள் நன்றாக வந்தால் வேலை நன்று. செயலுக்கு நோக்கம் வெளியே இல்லை, நன்றாக நடந்துகொள்வதே அதன் நோக்கம். கைத்தொழில் முதல் வகை, ஒழுக்கம் இரண்டாம் வகை. நான் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருந்த ராத்திரிகளில் முதல் வகையில் மட்டும் இருப்பதாகத்தான் நம்பினேன். பெட்டி நன்றாகப் பாடுகிறது, முடிந்தது. ஆனால் பெட்டி கை மாறிய அன்றே, அதன் ஒவ்வொரு இணைப்பும் யாரோ ஒருவரிடம் நான் நடந்துகொண்ட விதமாகவும் ஆகிவிட்டது. அந்த ஆளை நான் பார்த்ததில்லை என்பது அதை மாற்றாது.

இதற்கு எதிராக மூன்று கேள்விகளை நானே எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

முதலாவது, தெரியாமல் திறந்தது அவள் தவறு இல்லையா? கத்தி செய்பவன் விரல் வெட்டிக்கொண்டவனுக்குப் பொறுப்பா? ஆனால் கத்தி தன் கூர்மையைக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது. நிறைந்த கெப்பாசிட்டரும் காலியான கெப்பாசிட்டரும் பார்க்க அச்சு அசல் ஒன்று. சூடு இல்லை, வாசனை இல்லை, வெளிச்சம் இல்லை. ஆபத்து கண்ணுக்குத் தெரியும்போது பொறுப்பு இருவருக்கும் பாதிப் பாதி. தெரியாதபோது, அது தெரிந்தவன் தலையில்தான் முழுப் பாரமும். அவளுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவள் செய்திருந்தாள். பிளக்கை எடுத்தாள், சுவிட்சைப் பார்த்தாள், திருகுகளைக் கிண்ணத்தில் போட்டாள். எனக்குத் தெரிந்ததை நான் செய்யவில்லை.

இரண்டாவது, அப்படியானால் 'திறக்காதீர்கள்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் தீர்ந்ததே? தொழிற்சாலைப் பொருள்களில் அதுதான் இருக்கிறது, பல இடங்களில் அது சரியும்கூட. ஆனால் வால்வ் தேய்கிற பொருள். பாட் கரகரக்கும், ஜாக் தளரும், எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காலப்போக்கில் வற்றும். திறந்தே ஆக வேண்டிய ஒன்றைச் செய்துவிட்டு, திறக்காதே என்று எழுதி ஒட்டுவது எச்சரிக்கை ஆகாது. நாளைக்கு ஏதாவது ஆனால் "நான்தான் சொன்னேனே" என்று சொல்ல இன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளும் வாக்கியம் அது. அன்று அந்த சோபா முன்னால் நின்று நான் சொன்னதும் அந்த ஸ்டிக்கர்தான். ஒட்டாமல் விட்டதை வாயால் ஒட்டினேன்.

மூன்றாவதுதான் கடினம். இந்தப் பொறுப்புக்கு எல்லை எங்கே? பெட்டியைத் தண்ணீரில் போடுகிறவர், குழந்தை கையில் ஸ்குரூ டிரைவர், இருபது வருஷம் கழித்து மக்கிப்போன இன்சுலேஷன், எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டிருந்தால் ஒரு கம்பியும் கட்ட முடியாது. எல்லை கிடையாது என்பது பொறுப்பே கிடையாது என்பதற்குச் சமம். நான் போய் நின்ற இடம் இதுதான். எல்லா விபத்தையும் முன்கூட்டிப் பார்க்க முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் எப்போதும் பார்க்க முடியும்: இது ஒருநாள் பழுதாகும், அன்று ஒருவர் திறப்பார். இதற்கு ஜோசியம் வேண்டாம். ஒவ்வொரு கம்பியையும் வைக்கும்போது 'இது வேலை செய்யுமா' என்பதோடு, 'இது வேலை செய்யாதபோது என்ன செய்யும்' என்றும் கேட்டுக்கொண்டால், என் பங்கை ஓரளவு செய்தவன் ஆவேன். அவள் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு விடை ஒரு 220 கே ரெசிஸ்டர். விலை ஒரு டாலருக்கும் குறைவு.

*

மறுவாரம் நண்பர் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஹீட்டர் விட்டதும் நான் கட்டிய விதத்தால், கெப்பாசிட்டர் நிறைந்து நின்றதும் நான் விட்டதால். நண்பர், "அட விடுங்க, இதெல்லாம் நடக்கிறதுதானே" என்றார். அவளோ சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் தப்பாப் பண்ணலையா?" என்று கேட்டாள். ஒரு வாரமாக அந்தக் கேள்வியோடு இருந்திருக்கிறாள். விரல் காயத்தைவிட அதுதான் எனக்கு வலித்தது. இனி எதையும் திறக்காத ஒரு பெண்ணாக அவளை நான் ஆக்கியிருக்கக்கூடும், ஒரே ஒரு வாக்கியத்தில்.

புது போர்டை இருவரும் சேர்ந்து வரைந்தோம். கிராஃப் தாளில் உள்ளது உள்ளபடி அளவில். உள்ளே வரும் ஜாக் ஒரு கோடி, டிரான்ஸ்ஃபார்மர் மறு கோடி. முதல் கிரிடுக்குப் போகும் கம்பி சாத்தியமான அளவு குட்டை. பிளேட் கம்பியும் கிரிட் கம்பியும் சந்தித்தே ஆக வேண்டும் என்றால் செங்கோணத்தில் குறுக்கிடட்டும், கூடவே ஓடக் கூடாது. போர்டுக்கு மூன்று மில்லிமீட்டர் கண்ணாடியிழை. பழைய ஆம்புகளில் இருந்த கறுப்பு ஃபைபர் ஈரத்தைக் குடித்துக் காலப்போக்கில் மின்சாரம் கசியவிடும். ரெசிஸ்டர்களின் மதிப்பு எல்லாம் ஒரே பக்கமிருந்து வாசிக்கும்படி. ஹீட்டர் கம்பிக்கு ஒவ்வொரு சாக்கெட்டிலும் ஒரு சின்ன வளைவு, தளர்வாக. அது பார்க்க அத்தனை அழகாக இல்லை.

முதல் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கே, இரண்டு வாட். 300 வோல்ட்டில் அது அரை வாட்டுக்கும் குறைவாகத்தான் சூடாகும், ஆனாலும் தாராளமாக இருக்கட்டும். நான்கு கெப்பாசிட்டர்களையும் சேர்த்து ஒன்றரை நிமிடத்தில் மூன்று நான்கு வோல்ட்டுக்கு இறக்கிவிடும். "இந்த ரெசிஸ்டரே புட்டுக்கிச்சுன்னா?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. கடைசிக் கெப்பாசிட்டரிலும் ஒன்று போட்டோம். இரண்டும் போனால்? அதற்காக மூடியின் உட்புறம் எழுதினோம்: தொடும் முன் மீட்டர் வைத்துப் பார்க்கவும். எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று லேஅவுட் படத்தில் சிவப்பு வட்டம் போட்டு அந்தப் படத்தையும் அங்கேயே ஒட்டினோம்.

ஒரு இடத்தில் கம்பி போர்டின் நடுவே குறுக்காகப் போக வேண்டியிருந்தது. "இதை போர்டுக்கு அடியில விட்டுட்டா நீட்டா இருக்கும்ல மாமா?"

"நீட்டாத்தான் இருக்கும். ஆனா அடுத்து தொறக்கிறவங்களுக்கு அது அங்க இருக்குன்னே தெரியாதே."

"அடுத்து தொறக்கிறவங்க யாரு?"

"தெரியலையே" என்றேன். கம்பியை மேலேயே விட்டோம்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் பெட்டிகள் மூன்று. என்னுடையதையும் திருத்திவிட்டேன். மூன்றாவதை வாங்கிக்கொண்ட அலுவலக நண்பர் வேலை மாறி டெக்சாஸ் போய்விட்டார். அவருக்கு எழுதினேன். வீடு மாறும்போது பழைய சாமான்களோடு அதையும் விற்றுவிட்டதாகவும், வாங்கியவர் பணத்தைக் கையில் கொடுத்து எடுத்துப் போனதாகவும், பெயர் கேட்டுக்கொள்ளவில்லை என்றும் பதில் போட்டார். "நல்லா சவுண்ட் இருந்துச்சு, நல்ல விலைக்குப் போச்சு" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

என் சின்ன வயதில் விருதுநகரில் எங்கள் தெருமுனையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. அந்த மனிதர் ஒவ்வொரு ரேடியோவையும் மூடும் முன்னால், மரப்பெட்டியின் உட்புறம் பென்சிலால் தேதியும் என்ன மாற்றினார் என்பதும் எழுதுவார், கீழே கடைப் பெயர். இது எதற்கு என்று கேட்டதற்கு, "நாளைக்கு வேற எவனாவது தொறப்பான்ல, அவனுக்குத் தெரிய வேண்டாமா" என்றார். அப்போது அது எனக்கு விளம்பரமாகத்தான் தோன்றியது.

அந்த மூன்றாவது பெட்டிக்குள் நான் எதுவும் எழுதவில்லை. தேதி இல்லை, பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. இப்போது அது எந்த ஊரில் யார் வீட்டில் பாடிக்கொண்டிருக்கிறதோ. உறுமலே இல்லாமல், மிக அமைதியாக. அதன் ஹீட்டர் கம்பியையும் நான்தான் விறைப்பாக இழுத்துக் கட்டியிருக்கிறேன்.